ரெண்டு டிபி இருக்கிற இடம்

‘பூவிழி, உங்கள் இடம் நிரம்பிவிட்டது’ என்று அந்த மின்னஞ்சல் தொடங்கியது. காலையில் அவளுடைய ஃபோனைச் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது பார்த்தேன். அடுப்படி அலமாரிக்குப் பக்கத்தில் உள்ள பிளக்கில்தான் அவள் எப்போதும் சார்ஜ் போடுவாள். நானும் அங்கேயே போடுகிறேன். பூவிழி என் மனைவி. ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டாள். அவளுடைய எண்ணுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். அதனால் அவளுக்கு வருவதை எல்லாம் நான்தான் படிக்கிறேன். இந்தக் கடிதம் மரியாதையாகப் பேசியது. சந்தா வந்து சேரவில்லை என்றது. அனுமதித்த அளவைவிட அதிகமாக வைத்திருக்கிறீர்கள் என்றது. மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் எல்லாம் அழிக்கப்படும் என்றது. முடிவில் ‘உங்கள் நினைவுகளை இழந்துவிடாதீர்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. பூவிழி படம் எடுத்ததில் ஒரு ஒழுங்கும் கிடையாது. மற்றவர்கள் தங்களை எடுத்துக்கொள்வார்கள். அவள் எதிரே இருந்ததை எடுத்தாள். சாமை தூற்றுவது, கோழி படியேறுவது, மழை வருவதற்கு முன் மலை கறுப்பது, நான் வாயைத் திறந்தபடி தூங்குவது. எல்லாமே நீளநீளமான வீடியோ. ஃபோனில் இடம் இல்லாமல் போனதும் மாதச் சந்தா கட்டி எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டாள். அவள் முகம் அவற்றில் அபூர்வம். குரல் எல்லாவற்றிலும் இருக்கிறது. எடுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை.

நான் காவலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். அரசாங்கம் கேட்கிற எந்தக் கேள்விக்கும் எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் ஒழுங்காகவே செய்தேன். வங்கியில் இறப்புச் சான்று கொடுத்து அவள் கணக்கை மூடியதால்தான் சந்தா நின்றது. என் அட்டையைப் போட்டுப் பார்த்தேன். பணம் கட்டுகிறவரும் கணக்கின் உரிமையாளரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றது. உதவி மையத்துக்கு எழுதினேன். கணக்கின் உரிமையாளர் இறந்துவிட்டார், நான் கணவன், பணம் கட்டத் தயாராக இருக்கிறேன். பதில் உடனே வந்தது. ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். இறப்புச் சான்றை இணைத்தால் கணக்கை மூடித் தருகிறோம்.’ நான் மூடச் சொல்லவில்லை என்று எழுதினேன். ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்’ என்றே அதற்கும் பதில் தொடங்கியது. எழுதியது மனிதன் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. திட்டக்கூட ஆள் இல்லை.

எனவே, எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கடைக் கணினியின் வயிறு சிறியது. எந்த நாளும் உட்கார்ந்துவிடும். வேறு கம்பெனிகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஒருவன் இலவசம் என்றான். வீடியோவை உள்ளே வாங்கும்போதே நசுக்கிவிடுகிறான், குரல் தகரத்தில் பேசுவதுபோல் ஆகிறது. ஒருவன் மலிவு என்றான். வைப்பதுதான் மலிவு, திரும்ப எடுப்பதற்குத் தனிக் காசு. ஒருவன் ஒரே தடவை கட்டினால் ஆயுள் முழுவதும் என்றான். யாருடைய ஆயுள் என்று தேடினேன். பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், ‘இச்சேவையின் ஆயுள்’ என்று இருந்தது. இன்னொருவன் குடும்பத் திட்டம் என்று ஒன்று வைத்திருந்தான். நல்ல விலைதான். திறந்தால் ஒரு வட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்து. பக்கத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு காலி வட்டம். அதன் கீழே ‘துணையைச் சேர்க்கவும்.’ பிறகு சேர்க்கிறேன் என்று ஒரு பொத்தான் இருந்தது. சேர்க்க ஆள் இல்லை என்று ஒரு பொத்தான் இல்லை. கணினியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மறுநாள் அதீபைக் கூப்பிட்டேன். கல்லூரியில் என்னோடு படித்தவன், வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். அந்த நேரம் கடையில் ரேணுகாதேவி இருந்தார். நெல்லிவாசல்நாடு என்கிற மலையூரில் பூவிழி பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க வந்திருந்தார். அவர் விரலை இயந்திரத்தில் நான் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

“பழைய எடம் ரொம்பிடுச்சுடா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். வேற நல்ல எடமா ஒண்ணு பாக்கணும்” என்றேன்.

“எவ்ளோ செலவு பண்ணலாம்னு இருக்கற?”

“பெருசா முடியாது. ஆனா நாள்பட நிக்கணும். நடுவுல கைய விரிக்கக் கூடாது.”

“அப்ப நா ஒண்ணு அனுப்பறேன், அந்த எடத்தையே முடிச்சுடு மச்சான். ரெண்டு டிபி இருக்குது. மொத மாசம் சும்மா வெச்சுப் பாரு. ஒத்து வரலன்னா வுட்டுடு. எவனும் ஏன்னு கேக்க மாட்டான்.”

“ரெண்டு டிபி எனக்கு இன்னாத்துக்கு? ஒண்ணு போதும்.”

“இப்ப அப்டித்தான் தோணும். ஆனா ஒரே எடத்த நம்பிக்கினு இருக்காத. எப்பவும் ரெண்டா வெச்சுக்க. வூட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணு. இங்கருந்தே ஒண்ணு பஸ்ல குட்த்து அனுப்பறேன், கைக்கு அடக்கமா இருக்கும்.”

டிபி என்று அவன் சொன்னது டெராபைட்டை, பஸ்ஸில் அனுப்புவதாகச் சொன்னது ஹார்ட் டிஸ்கை. ரேணுகாதேவியின் விரல் என் விரலுக்கடியில் விறைத்தது. ரேகை விழவில்லை என்று இயந்திரம் சிவப்பைக் காட்டியது. “அழுத்துங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அவ்ளோ அவசரமா தம்பி?”

“ஆமாங்க. மாசக் கடைசிதான் கெடு. அப்புறம் கார்டு செல்லாது.”

ரேகை விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரசீதுகூட வாங்காமல் போனார். பஸ் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இடத்தை முடிவு செய்தேன். அதீப் சொன்னதுதான். நசுக்காமல் வைத்துக்கொள்கிறான். கேட்கும்போது மொத்தமாகத் திருப்பித் தருகிறான், அதற்குத் தனிக் காசு இல்லை. பணம் கட்டத் தவறினாலும் ஒரு வருடம் பார்க்கவும் எடுக்கவும் விடுகிறான். எனக்கு ஏதாவது ஆனால் வேறு ஒருவர் திறக்கலாம் என்று இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். அது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஹார்ட் டிஸ்கும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பழைய இடத்தைக் கடைக் கணினியில் திறக்க ஒவ்வொரு முறையும் பூவிழியின் ஃபோனுக்கு ஒரு எண் வரும். அதை எடுத்துவர மதியம் வீட்டுக்குப் போனேன்.

பிளக்கில் சார்ஜர் மட்டும் தொங்கியது. கட்டிலுக்கடியில் அவளுடைய டிரங்குப் பெட்டி இல்லை. கொடியில் ஒரு பக்கமாக அவளுடைய புடவைகள் தொங்கும்; அந்தப் பக்கம் கயிறு மட்டும் இருந்தது. அம்மா தட்டு வைத்துக் களியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க அத்த வந்துச்சு. பூவிழி தம்பி கோபாலு ஜீப்புல கூட்டியாந்தான். அவ பொருளு பூரா எடுத்துக்கினு போய்ட்டாங்க.”

“யாரக் கேட்டுக் குட்த்த?”

“யாரக் கேக்கறது? அவங்க பொண்ணு பொருளு. இன்னொருத்தி வரப்போற வூட்டுல அது இருக்கக் கூடாது. பொறந்த வூட்டுக்குப் போய்டணும். அதான மொற?”

“எந்த இன்னொருத்தி?”

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. “எங்கிட்டயே மறைக்கறான் பாரு. நெல்லிவாசல் பூரா பேசுது, பெத்தவளுக்குத்தான் கடைசில தெரியுது. நல்ல எடம்னா எனக்குச் சந்தோசந்தான் கண்ணு. ஆனா அந்த டிபி மட்டும் வேணாண்டா. ரெண்டு பேருக்கு இருக்குதாமே. ஒருத்தருக்கு இருந்தா பரவால்லன்னு சொன்னியாமே. அது வூடு பூரா பரவற நோவுடா.”

நெல்லிவாசல் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு ரேணுகாதேவியின் விறைத்த விரல் ஞாபகம் வந்தது. நல்ல இடம் என்றால் எங்கள் பக்கம் பெண் வீடுதான். டிபி என்றால் சுகாதார நிலையத்தில் சளி வாங்கிப் பரிசோதிக்கிற டிபிதான். ஒரு மாதம் சும்மா வைத்துப் பார்க்கலாம். வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மண்ணுக்குள் போய் வருடம் திரும்பவில்லை. அதற்குள் நான் பெண் தேடுவேன் என்று ஒரு மலை முழுக்க நம்பியிருக்கிறது. ஒருவரும் வந்து என்னைக் கேட்கவில்லை. என்னைப் பெற்றவள் சந்தோஷப்பட்டு, பெட்டியை ஜீப்பில் ஏற்ற ஒரு கை பிடித்திருக்கிறாள். கம்பெனிக்காரனாவது கெடு கொடுத்துவிட்டுத்தான் காலி செய்யச் சொன்னான்.

“சாப்டுட்டுப் போடா” என்று அம்மா வாசல்வரை வந்தாள். வண்டியை எடுத்தேன். மாதம் முடிய அன்றோடு சேர்த்து இரண்டே நாள்தான் இருந்தது.

நெல்லிவாசல்நாட்டில் அத்தை தன் வீட்டு முன்னால் புளி உடைத்துக்கொண்டிருந்தார். அத்தையின் பெயர் மணியம்மாள், பூவிழியின் அம்மா. சாக்கின்மேல் பழம் குவிந்திருந்தது. கட்டையால் ஒரு அடி, கொட்டை தெறித்து ஓடும், கை அடுத்த பழத்தை நகர்த்தும். வண்டிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

“வாங்க மாப்ளன்னு சொல்லுவேன்னு பாத்தியா?”

“ஃபோன் வேணும் அத்தை.”

“எதுக்கு? புதுசா வரவளுக்குக் குடுக்கவா?” கட்டை இறங்கியது. “ஒரு மாசம் சும்மா வெச்சுப் பாத்துட்டு வுட்டுடுவியாமே. பொண்ணுன்னா இன்னா, வாடக சைக்கிளா? வூட்டுல ஒண்ணு வெளிய ஒண்ணா? படிச்சவன்னுதான உனக்குக் குட்த்தேன்? படிச்சா இப்டியா பேசச் சொல்லிக் குடுக்கறாங்க?”

“அது பொண்ணு இல்ல அத்தை. படம் வைக்கிற எடம்.”

“படம் வைக்க எடம் இல்லியா? ஏன், உன் வூட்டுல செவுரு இல்ல?”

நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. அத்தையிடம் வாய் வரவில்லை. கோபால்சாமி உள்ளேயிருந்து வந்தான். பூவிழியின் தம்பி, ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். வழக்கமாக மாமா மாமா என்று தோளில் கை போடுகிறவன், இன்று தூரமாக நின்றான். பூவிழியின் ஃபோன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

“அதுல கடைசியா வந்த மெயில தொற. தமிழ்லதான் இருக்குது. சத்தமா படி” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். “பூவிழி, உங்கள் இடம் நிரம்பிவிட்டது. இடத்தைக் காலி செய்யவும். தவறினால் உங்கள் படங்களும் காணொளிகளும் நிரந்தரமாக அழிக்கப்படும்.” நிறுத்தினான். இன்னொரு முறை வாய்க்குள் படித்தான். பிறகு குபீரென்று சிரித்தான். “யம்மோவ், இது அந்த டிபி இல்லம்மா! நோவு இல்ல. இது அளவு. வல்லம், மூட்டைன்னு சொல்றமே, அந்த மாரி. ரெண்டு டிபின்னா ரெண்டு பெரிய மூட்ட. அக்கா எடுத்த வீடியோவ கொட்டி வைக்க மாமா மூட்ட தேடிக்கினு கீறாரு. அந்த ரேணுகா வாயில வசம்ப வெக்க!”

அத்தை சிரிக்கவில்லை. கட்டையைக் கீழே வைத்தார். புளி ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அவ இன்னாடா அவ்ளோ எடம் அடச்சிக்கினா? பொறந்ததுலருந்து ஒரு ஓரமா சுருண்டு படுத்துக்கினு இருந்த பொண்ணு.”

கோபால்சாமி ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அழிக்கறேன்னு சொல்றானே, யாரு அவன்?”

“ஒரு கம்பெனி அத்தை.”

“எந்த ஊரு?”

“தெரியாது.”

“ஊரும் தெரியாது, மொகமும் தெரியாது. எவனோ ஒருத்தன் எம் பொண்ண காலி பண்ணுன்றான். நீ எங்கிட்ட வந்து தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற. அவன நாலு வார்த்த கேட்டியா?”

“கேட்டேன். செத்ததுக்கு சான்று குட்த்தா மூடித் தரேன்றான்.”

“மூடறதுக்கு அவன் யாரு? நாமதான மூடனோம்?”

அதைச் சொல்லிவிட்டு அத்தை எழுந்துவிட்டார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஃபோனுக்காகக் கோபால்சாமியிடம் கையை நீட்டினேன். அத்தை நடுவில் வந்து அதை வாங்கிக்கொண்டார். “இது உங்கிட்ட வராது. எங்கையிலதான் இருக்கும். வண்டிய எடு, நானே வரேன்.” வழியெல்லாம் பின்னால் இருந்து பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை. அந்தக் கம்பெனிக்காரனிடம். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி, அவன் சோற்றில் விழப்போகிற மண்ணைப் பற்றி. நான் உதவி மையத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் இல்லாதது எல்லாம் அதில் இருந்தது. மேட்டில் ஏறும்போது கேட்காமல் போகும், இறக்கத்தில் மறுபடி கேட்கும்.

கடை வாசலில் பட்டாவுக்காகச் சிலர் காத்திருந்தார்கள். அத்தை அவர்களைத் தாண்டி உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹார்ட் டிஸ்கைச் சொருகினேன். பழைய இடத்தைத் திறந்தேன். உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அத்தையின் கையில் ஃபோன் அதிர்ந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் எடைமெஷினில் பார்த்துப் பார்த்து எண் தெரியும்.

“நாலு. ஏழு. முட்ட. முட்ட. ரெண்டு...”

“மெதுவா சொல்லுங்க அத்தை. அத யாருக்கும் சொல்லக் கூடாது.”

“எம் பொண்ணு நம்பரு. நா சொல்லுவேன்” என்றார் வாசலில் நின்றவர்களைப் பார்த்து. அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

உள்ளே விட்டது. மொத்தத்தையும் தெரிவு செய்து இறக்கச் சொன்னேன். ஒரு நீலக்கோடு தோன்றி, நகராமல் நின்று, பிறகு நகர்ந்தது. மீதமுள்ள நேரம் என்று ஒன்றைக் காட்டியது, உடனே அதை மாற்றியது, மறுபடி மாற்றியது. எங்கள் மலையில் இணையம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். மாதக் கடைசிக்குள் எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியவில்லை. பட்டாக்காரர்களை நாளைக்கு வரச் சொன்னேன். ஒருவரும் போகவில்லை. ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னா, கரண்டு பில்லா?” என்றார். அத்தை முறைத்த முறைப்பில் தலையை இழுத்துக்கொண்டார்.

வந்தவரைக்கும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு வீடியோவைத் திறந்தேன். எதையென்று பார்க்கவில்லை. கைக்கு வந்ததைத் திறந்தேன்.

அத்தை வீட்டு அடுப்பு. பானையில் சாமை கொதிக்கிறது. ஆவியில் படம் மங்கித் தெளிகிறது. கரண்டி பிடித்த ஒரு கை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. அவ்வளவுதான் தெரிகிறது. வெளியே எங்கோ ஆடு கத்துகிறது. பிறகு குரல். பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பதுபோல, கொஞ்சம் எரிச்சலாக.

“யம்மா, உப்பு போட்டியா?”

நான் அசையவில்லை. ஆவி எழுந்தது. கரண்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

“யம்மா, உன்னத்தான். உப்பு போட்டியான்னு கேக்கறேன்.”

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“போட்டுட்டேண்டி” என்றார் உரக்க, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி. “போட்டுட்டேன்.”

திரையின் ஓரத்தில் நீலக்கோடு கால்வாசிகூட வரவில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து விழுந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. தொடர்வதற்கு முன், நீங்கள் பூவிழிதான் என்பதை உறுதிசெய்யவும். அத்தையின் கையில் ஃபோன் அதிர்ந்தது. அந்த எண் கொஞ்சநேரத்துக்குத்தான் செல்லும். அவர் அதைப் பார்க்கவில்லை. கட்டத்துக்குப் பின்னால் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டி பானைக்குள் இறங்கி, ஒரு பருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தது. அதை ஆறவைக்க யாரோ ஊதுகிற சத்தம் கேட்டது.